பிளேனாரா, டைனமிக்கா: இரண்டு ஹெட்போன்களை ஏமாறாமல் ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

என் முதல் பிளேனார் ஹெட்போனைக் கடையில் கேட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். விற்பனையாளர் முதலில் ஒரு டைனமிக் ஹெட்போனை என் தலையில் மாட்டி அரை நிமிடம் கச்சேரிப் பதிவு ஒன்றை ஓடவிட்டார். பிறகு அதைக் கழற்றிவிட்டு, அதே ஆம்ப்ளிஃபையரில் பிளேனாரைச் செருகினார். ஒலிக் குமிழைத் தொடவே இல்லை. அதுதான் நேர்மையான ஒப்பீடு என்று நானும் நினைத்தேன். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம், நெஞ்சில் வந்து விழுந்தது. பாடகர் மூச்சு வாங்குவது கேட்டது. தம்புரா அறை முழுவதும் பரவியது. மறுபேச்சில்லாமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் ஏற்கெனவே இருந்த டைனமிக்கோடு வைத்துச் சாவகாசமாகக் கேட்டபோது அந்த அதிசயத்தில் பாதியைக் காணவில்லை. என்ன நடந்தது என்று புரியச் சில மாதங்கள் ஆயின. கடையில் என்னை ஏமாற்றியது அந்தத் தொடாத குமிழ்தான். எப்படி என்பதை இரண்டாம் படியில் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ‘பிளேனார் வேகமானது, டைனமிக் இதமானது’ என்று ஒரு வாய்ப்பாட்டை யாராவது கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதை மனப்பாடம் செய்துகொண்டு கேட்டால் காதும் அதையேதான் ஒப்பிக்கும். உண்மையில் நம் காதில் விழும் வித்தியாசத்தில் பெரும்பங்கு, உள்ளே ஒலியை எழுப்பும் டிரைவர் என்ற பாகத்தின் வகையால் வருவதில்லை. அந்தக் குறிப்பிட்ட மாடலை அதைச் செய்தவர்கள் எப்படிச் சுருதி சேர்த்திருக்கிறார்கள், அதாவது பேஸ், நடு ஒலி, மேல் ஒலி ஆகியவற்றை எந்த அளவில் வைத்திருக்கிறார்கள் என்பதால் வருகிறது. டிரைவரின் வகையால் வரும் வித்தியாசமும் உண்டு. அது சிறியது, ஆனால் கேட்கக்கூடியது. இரண்டையும் பிரித்துக் கேட்கும் வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது

டைனமிக் டிரைவர் என்பது வீட்டு ஸ்பீக்கரின் குட்டி வடிவம். மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, அதன் பின்புறம் ஒட்டிய கம்பிச் சுருள், அந்தச் சுருள் நுழைந்து நிற்கும் வட்டமான காந்த இடைவெளி. சுருளில் மின்சாரம் ஓடும்போது அது முன்னும் பின்னும் அசைந்து சவ்வைத் தள்ளுகிறது. ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனம் 1937இல் டிடி 48 என்ற மாடலில் இதை ஹெட்போனாக்கியது. சென்ஹைசர் 1968இல் எச்டி 414 மூலம் பின்பக்கம் திறந்த ஹெட்போனைப் பரவலாக்கியது. அதே நிறுவனத்தின் எச்டி 600 வெளிவந்தது 1997இல். இன்றும் ஒப்பீட்டுக்கு அளவுகோலாக எடுக்கப்படுவது அதுதான்.

பிளேனாரில் சுருளே கிடையாது. மிக மெல்லிய படலம் ஒன்று சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதன் மேல் மின்கடத்திப் பாதை, நெளிக்கோலம் போட்டதுபோல், படலம் முழுவதும் ஓடும். அதன் ஒரு பக்கத்திலோ இரு பக்கங்களிலுமோ காந்தப் பட்டைகள் வரிசையாக நிற்கும். மின்சாரம் பாயும்போது படலம் ஏறக்குறைய மொத்தமாக அசையும். டைனமிக்கில் சவ்வை ஒரு வளையம் மட்டும் தள்ளுகிறது. இங்கே பரப்பெங்கும் விசை விழுகிறது. யமஹா 1976இல் எச்பி-1 என்ற மாடலை ‘ஆர்த்தோடைனமிக்’ என்ற பெயரில் விற்றது. பின்னர் இந்த வகை ஃபாஸ்டெக்ஸ் போன்ற ஓரிரு நிறுவனங்களின் தயவில் உயிர் பிழைத்திருந்தது. 2010 வாக்கில் ஹைஃபைமேன், ஆடிஸி ஆகிய நிறுவனங்கள் வந்த பிறகுதான் மறுபடி களைகட்டியது.

இந்த அமைப்பால் நிச்சயமாக விளைவன மூன்று. ஒன்று, ஆழமான பேஸ் ஒலியில் திரிபு குறைவு. இரண்டு, மின்மறுப்பு, அதாவது மின்சார ஓட்டத்துக்கு டிரைவர் காட்டும் எதிர்ப்பு, எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். மூன்று, காந்தங்களால் எடை கூடும். எச்டி 600 சுமார் 260 கிராம். ஹைஃபைமேனின் சுந்தரா 372 கிராம். ஆடிஸியின் எல்சிடி-எக்ஸ் 600 கிராமைத் தாண்டுகிறது.

‘படலம் இலேசானது, அதனால் வேகமானது’ என்ற பேச்சை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியைத் தரும் எந்தச் சவ்வும் நொடிக்கு 10,000 முறை அசைந்துதான் ஆகவேண்டும். பத்தாயிரத்தைத் தொட்ட டைனமிக்கும் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. நாம் ‘வேகம்’ என்று சொல்வது பெரும்பாலும் பேஸ் சற்றுக் குறைந்து, மேல் ஒலி சற்றுத் தூக்கலாக இருக்கும் சுருதியைத்தான்.

படி 1: ஜோடியைச் சரியாகப் பிடியுங்கள்

மூடிய டைனமிக்கையும் திறந்த பிளேனாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ‘பிளேனார் எவ்வளவு விசாலம்!’ என்று வியப்பவர்கள் ஏராளம். அவர்கள் கேட்டது திறந்த முதுகுக்கும் மூடிய முதுகுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் திறந்தவையாக இருக்கட்டும், விலையும் முடிந்தவரை பக்கத்தில் இருக்கட்டும். எச்டி 600 அல்லது எச்டி 650 ஒரு பக்கம், ஹைஃபைமேனின் சுந்தராவோ எச்இ400எஸ்இயோ மறுபக்கம் என்பது பலருக்கும் கைக்கு எட்டும் ஜோடி. இந்தக் கட்டுரையின் கணக்குகளுக்கு எச்டி 600ஐயும் எச்இ400எஸ்இயையும் எடுத்துக்கொள்கிறேன்.

காதைச் சுற்றிப் படியும் மெத்தைகளான பேட்களைப் பாருங்கள். நாலு வருடம் உழைத்து அப்பளமாகிவிட்ட பேட் உள்ள ஹெட்போனும், பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த ஹெட்போனும் சமமான போட்டியாளர்கள் அல்ல. பேட் தட்டையானால் காதுக்கும் டிரைவருக்கும் இடைவெளி குறைந்து ஒலியே மாறிவிடும். நண்பரிடம் இரவல் வாங்கிய ஹெட்போனில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

படி 2: இரண்டுக்கும் போதிய தீனி போடுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ‘300 ஓம் என்றால் ஓட்டக் கடினம், 32 ஓம் என்றால் எளிது’ என்பது பாதி உண்மைதான். பெட்டியில் உணர்திறன் என்று அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு இரண்டு அலகுகள் உண்டு: ஒரு வோல்ட்டுக்கு இத்தனை டெசிபெல், அல்லது ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல். எந்த அலகு என்று பார்க்காமல் ஒப்பிடுவது கிலோவையும் படியையும் ஒப்பிடுவது போலத்தான்.

எச்டி 600க்கு ஒரு வோல்ட்டில் 97 டெசிபெல். மின்மறுப்பு 300 ஓம். எச்இ400எஸ்இக்கு 91 டெசிபெல், மில்லிவாட் கணக்கில். மின்மறுப்பு 32 ஓம். இப்போது இரண்டாவதையும் வோல்ட்டுக்கு மாற்றுவோம். 32 ஓமில் ஒரு வோல்ட் கொடுத்தால் திறன் 1-ஐ 32-ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 31 மில்லிவாட். 31 மடங்கு திறன் என்பது 15 டெசிபெல் கூடுதல். ஆக, ஒரு வோல்ட்டில் அது 106 டெசிபெல் தரும். குமிழைத் தொடாமல் எச்டி 600ஐக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் சத்தம் 9 டெசிபெல் எகிறும். ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும் அளவு அது. கடையில் எனக்கு நடந்தது இதுதான். தொப்பி நெஞ்சில் விழுந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அதே கணக்கை இன்னொரு பக்கம் திருப்பிப் பாருங்கள். இசையின் உச்சத் தட்டு 110 டெசிபெல்லைத் தொட வேண்டுமானால் எச்டி 600க்கு ஏறத்தாழ 4.5 வோல்ட்டும் 15 மில்லிஆம்பியரும் வேண்டும். எச்இ400எஸ்இக்கு 1.6 வோல்ட் போதும், ஆனால் 50 மில்லிஆம்பியர் வேண்டும். இரண்டுக்கும் திறன் 65 முதல் 80 மில்லிவாட் வரைதான். ஒன்றுக்குத் தண்ணீர்த்தொட்டி உயரத்தில் இருக்க வேண்டும். மற்றதற்குக் குழாய் அகலமாக இருக்க வேண்டும். கைபேசியில் செருகும் சாதாரண டாங்கிள் பெரும்பாலும் ஒரு வோல்ட் அளவில் நின்றுவிடும். அதில் இரண்டுமே பாடும், உச்சத் தட்டுகளில் இரண்டுமே மூச்சுத் திணறும். 5 வோல்ட் தரக்கூடிய, 32 ஓமில் 200 மில்லிவாட்டுக்கு மேல் தரக்கூடிய எந்த மேசை ஆம்பும் இந்த ஜோடிக்குத் தாராளம். அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஆம்பை மாற்றிக்கொண்டே போகும் வியாதி ஒருமுறை பிடித்தால் விடாது.

ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பையும் பார்த்துவிடுங்கள். எச்டி 600இன் 300 ஓம் என்பது பெயரளவு எண். 100 ஹெர்ட்ஸுக்கு அருகில் அது 500 ஓம்வரை ஏறும். சில வால்வ் ஆம்புகளின் வெளியீட்டு மின்மறுப்பு 100 ஓம் இருக்கும். அதில் இணைத்தால் அந்த ஏற்றம் இருக்கும் இடத்தில் பேஸ் ஒரு டெசிபெல் அளவு வீங்கும். பிளேனாரின் மின்மறுப்பு தட்டையானது. அதே ஆம்பில் அதன் சத்தம்தான் 12 டெசிபெல் குறையும், குணம் மாறாது. ‘வால்வில் டைனமிக்தான் அழகு’ என்ற பழைய பேச்சின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. ஒப்பீட்டுக்கு வெளியீட்டு மின்மறுப்பு இரண்டு ஓமுக்குக் குறைவான ஆம்பையே எடுங்கள்.

படி 3: சத்தத்தைச் சமமாக்குங்கள்

இந்தப் படியைத் தவிர்த்தால் மற்றவை எல்லாம் வீண். இரண்டு ஒலிகளில் சற்றே சத்தமானதை நம் காது ‘சத்தமானது’ என்று சொல்லாது. ‘தெளிவானது, விரிந்தது, உயிருள்ளது’ என்று சொல்லும். ஒரு டெசிபெல் வித்தியாசம்கூடத் தீர்ப்பை மாற்றிவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய வழி ஒன்று உண்டு. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பிங்க் நாய்ஸ் என்னும் இரைச்சலை உருவாக்குங்கள். அதில் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வடிகட்டி வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டால் ஒரு ஹெட்போனின் கூடுதல் பேஸும் இன்னொன்றின் கூடுதல் மேல் ஒலியும் அளவீட்டைக் குழப்பும். அடுத்து, கெட்டியான அட்டை ஒன்றில் கைபேசியின் மைக் அளவுக்குத் துளையிடுங்கள். ஹெட்போனின் ஒரு பக்கப் பேட் அட்டையில் இடைவெளியின்றிப் படியட்டும். மறுபுறம் துளையில் மைக் ஒட்டி இருக்கட்டும். டெசிபெல் காட்டும் செயலி ஏதாவது ஒன்றைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஹெட்போனை அதே இடத்தில் வைத்து, அதே எண் வரும்வரை குமிழைத் திருப்புங்கள். குமிழின் இரண்டு நிலைகளையும் பென்சிலால் குறியிடுங்கள்.

செயலி காட்டும் எண் உண்மையான டெசிபெல் அல்ல. பரவாயில்லை; நமக்கு வேண்டியது இரண்டு எண்களும் ஒன்றாக இருப்பது மட்டுமே. அட்டை நம் காதும் அல்ல. அதனால் கடைசியாக இரைச்சலை இரண்டிலும் காதால் ஒருமுறை கேட்டு ஒப்புக்கொள்ளுங்கள். குமிழுக்குப் பதிலாக எண் காட்டும் ஆம்ப் இருந்தால் வேலை இன்னும் எளிது.

சத்தத்தைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு. பிளேனாரில் திரிபு குறைவு என்பதால் சத்தம் கூடினாலும் காது முகம் சுளிக்காது. தெரியாமலே குமிழ் மேலே போய்க்கொண்டிருக்கும். பென்சில் குறி இதற்கும் உதவும்.

படி 4: மாட்டும்போது கவனம்

கண்ணாடி அணிபவர்கள் கவனியுங்கள். கண்ணாடியின் கை பேட்டுக்கு அடியில் சிறு இடைவெளி உண்டாக்கும். அடர்த்தியான தலைமுடியும் அப்படித்தான். அந்த இடைவெளி வழியாக முதலில் தப்பிப் போவது ஆழமான பேஸ். பிளேனாரில் நீங்கள் பணம் கொடுத்து வாங்கியதே அதைத்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, மாட்டிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். தினமும் கண்ணாடியோடுதான் கேட்பீர்கள் என்றால் இரண்டாவது தீர்ப்புதான் உங்களுக்குரியது.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மாட்டுங்கள். அரை அங்குலம் முன்னே பின்னே நகர்ந்தாலும் மேல் ஒலி மாறும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்; திறந்த ஹெட்போனுக்குள் அது தாராளமாக நுழையும். சித்திரை மாதத்தில் இந்த யோசனையை நானே கடைப்பிடிப்பதில்லை.

சில பிளேனார்களைக் காதோடு சேர்த்து அழுத்தும்போது படலம் சடசடவென்று நெளியும் சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம், காற்று அழுத்தத்தால் நடப்பது. ஆனால் விளையாட்டாக அழுத்திப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். கொண்டை ஊசி, திருகாணி, இரும்புத் தூள் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. அந்தக் காந்தங்கள் இழுத்துக்கொள்ளும்.

படி 5: எதைக் கேட்பது, எதைக் கவனிப்பது

புதிய பாட்டு வேண்டாம். நூறு முறை கேட்டு ஒவ்வொரு கமகமும் மனத்தில் பதிந்த பதிவுகளில் ஐந்தாறு போதும். ஹெட்போன் விற்பவர்கள் ஓடவிடும் ‘சோதனைப் பாடல்கள்’ எல்லா ஹெட்போனிலும் நன்றாகத்தான் ஒலிக்கும்.

ஆழ்ந்த பேஸிலிருந்து தொடங்குங்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ்வரை மெல்ல ஏறும் ஒற்றைத் தொனியை ஆடாசிட்டியில் உருவாக்கிக் கேளுங்கள். எச்டி 600இல் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேய்ந்து போவதைக் கேட்கலாம். பிளேனார், பேட் நன்றாகப் படிந்திருந்தால், 30 ஹெர்ட்ஸுக்கு அருகிலும் தளராமல் நிற்கும். வகையால் வரும் வித்தியாசம் என்று கை நீட்டிச் சொல்லக்கூடிய இடங்களில் இதுதான் முதன்மையானது.

ஆனால் உங்கள் இசையில் அந்தப் பகுதி இருக்கிறதா? நாலு தந்தி பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அதற்கும் கீழே போவது சிந்தசைசர், தேவாலய ஆர்கன், இன்றைய மின்னணு இசையின் அடித்தளத் துடிப்பு போன்றவைதான். எண்பதுகளின் திரைப்பாடல்களிலும் பழைய கச்சேரி ஒலிப்பதிவுகளிலும் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் இல்லை. அவற்றையே கேட்பவர் ஆழ்ந்த பேஸுக்காகப் பிளேனார் வாங்குவது, கிணறு இல்லாத வீட்டுக்கு நீளமான கயிறு வாங்குவது போல.

மிருதங்கம் இங்கே நல்ல ஆசான். தொப்பியின் கும்கி வாழ்வது பேஸின் மேல் பாதியில். திறந்த டைனமிக்குகள் பலவற்றில், குறிப்பாக எச்டி 650இல், அந்தப் பகுதி சற்றே புடைத்திருக்கும். தொப்பி சதைப்பற்றோடு உருண்டு வரும். பிளேனாரில் அதே தட்டு இன்னும் இறுக்கமாக, அளவாக வரும். ‘பிளேனாரில் கனம் இல்லை’ என்று ஒருவரும் ‘பிளேனாரில் சுத்தம்’ என்று இன்னொருவரும் சொல்வது ஒரே தட்டைப் பற்றித்தான். எது மேடையில் கேட்பதுபோல் இருக்கிறது என்று நேரில் கச்சேரி கேட்டவரால் சொல்ல முடியும்.

அடுத்து, குரல். ஹைஃபைமேனின் பல மாடல்களில் 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு பள்ளம் உண்டு. அதனால் பாடகர் ஓரடி பின்னால் போய் நிற்பார். சுற்றிலும் இடம் விரிந்ததுபோல் இருக்கும். பலர் ‘பிளேனாரின் மேடை’ என்று கொண்டாடுவதில் ஒரு பகுதி இந்தப் பள்ளம்தான். எச்டி 600இல் குரல் நேர் எதிரே, நெருக்கமாக நிற்கும். நாதஸ்வரத்தை இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். ஒன்றில் திருமண மண்டபத்தின் முதல் வரிசையில் இருப்பீர்கள். இன்னொன்றில் பந்தி நடக்கும் கூடத்தில் இருந்து கேட்பீர்கள். அவரவர் பொறுமையைப் பொறுத்தது.

தம்புரா தனியாக ஒலிக்கும் முப்பது நொடிகள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஜீவா நூல் எழுப்பும் அந்த ரீங்காரத்தில் மேல் சுரங்கள் அடுக்கடுக்காக இருக்கும். மேல் ஒலியில் எங்காவது கூர்முனை இருந்தால் அந்த அடுக்கில் ஒன்று மட்டும் தலைநீட்டும். உலோகச் சாயல் தெரியும். பிளேனாரில் காந்தப் பட்டைகள் ஒலியின் பாதையில் நிற்பதால் மேல் ஒலியில் சிறு சிறு மேடு பள்ளங்கள் வர வாய்ப்பு உண்டு. பட்டைகளின் வடிவத்தை மாற்றியும் ஒலியை வழிநடத்தும் துண்டுகளைப் பொருத்தியும் நிறுவனங்கள் இதைச் சமாளிக்கின்றன. டைனமிக்கும் யோக்கியமல்ல, பேயர்டைனமிக் டிடி 990இன் மேல் ஒலிக் கூர்மை பேர்போனது. ‘ஸ’, ‘ஷ’ நிறைந்த ஒரு சமஸ்கிருதக் கீர்த்தனையை அதில் கேட்டால் தெரியும்.

படி 6: மாற்றி மாற்றிக் கேளுங்கள்

ஒலியின் நுணுக்கத்தைப் பற்றிய நினைவு சில நொடிகளில் கரைந்துவிடும். ஒரு ஹெட்போனில் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, அடுத்ததில் கேட்டால் நீங்கள் ஒப்பிடுவது நினைவை அல்ல, கற்பனையை. பதினைந்து நொடித் துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். முதலாவது, இரண்டாவது, மறுபடி இரண்டாவது, முதலாவது என்ற வரிசையில் மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வி: இம்முறை தொப்பி மட்டும், அடுத்த முறை குரல் மட்டும். வார்த்தைகளை உடனே எழுதிவிடுங்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதாதீர்கள். ‘குரல் பின்னால் போனது’, ‘ஜால்ரா குத்தியது’ என்று எழுதுங்கள்.

கண்ணைக் கட்டிக்கொண்டாலும் எது தலையில் இருக்கிறது என்று எடையே காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சிக்கலை ஆய்வாளர்களும் சந்தித்தார்கள். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் தலைமையில் நடந்த ஆய்வுகளில், ஒரே ஹெட்போனை வைத்துக்கொண்டு மற்ற ஹெட்போன்களின் சுருதியை ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் மூலம் அதில் வரவழைத்துக் கேட்கச் சொன்னார்கள். பெயரும் எடையும் மறைந்த பிறகு மக்களின் விருப்பம் பெரிதும் அந்தச் சுருதியைத்தான் பின்தொடர்ந்தது. பெரும்பாலோருக்குப் பிடிக்கும் சுருதியின் வரைபடமாக ஹார்மன் இலக்கு வளைவு என்று எல்லா விமர்சனங்களிலும் அடிபடுகிறதே, அது இந்த ஆய்வு வரிசையில் பிறந்ததுதான்.

படி 7: சுருதியை ஒன்றாக்கிவிட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள்

இது விருப்பப்படிதான், ஆனால் எனக்குக் கண்ணைத் திறந்த படி. ஆட்டோஈக்யூ என்ற இலவசத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்கு ஈக்வலைசர் அமைப்புகள் கிடைக்கின்றன; உங்கள் இரண்டு மாடல்களுக்கும் ஒரே இலக்கு வளைவுக்கான அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் ஆகியவை போதும். அமைப்போடு சொல்லப்பட்டிருக்கும் முன்குறைப்பு அளவை, அதாவது மொத்தச் சத்தத்தை முதலிலேயே குறைக்கும் அளவை, மறக்காமல் போடுங்கள். இல்லாவிட்டால் உச்சத் தட்டுகள் நசுங்கும். பிறகு மூன்றாம் படியை மறுபடி செய்யுங்கள்.

இப்போது கேட்டால் இரண்டும் அண்ணன் தம்பிபோல் ஒலிக்கும். இரட்டையர் ஆகிவிடாது, ஒவ்வொருவர் காது மடலும் ஒவ்வொரு விதம், ஒரே மாடலில்கூட ஒன்றுக்கொன்று சிறு வேறுபாடு உண்டு. ஆனாலும் இதுவரை ‘பிளேனார் குணம்’ என்று நோட்டில் எழுதியவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். என் பட்டியலில் பன்னிரண்டில் மூன்று மிஞ்சின.

ஒன்று, ஆழ்ந்த பேஸின் தாங்கும் திறன். எச்டி 600க்கு 30 ஹெர்ட்ஸில் பல டெசிபெல் ஏற்றம் கொடுத்து, சத்தத்தையும் கூட்டினால், சவ்வு தன் எல்லையைத் தொட்டுக் கரகரக்கும். பிளேனார் அதே சுமையை அலட்டிக்கொள்ளாமல் சுமக்கும். இரண்டு, அடர்ந்த பேஸ் ஓடும்போது அதன் மேல் குரல் கலங்காமல் நிற்பது; இதுவும் குறைந்த திரிபின் பலன்தான், சத்தமாகக் கேட்டால்தான் தெரியும். மூன்று, அகலமான படலத்திலிருந்து ஒலி வரும்போது காதைச் சுற்றி ஒரு பரப்பு இருப்பதுபோன்ற உணர்வு. மூன்றாவதில் படலத்துக்கு எவ்வளவு பங்கு, பெரிய பேட்டுக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. சத்தியமும் செய்ய மாட்டேன்.

சாதாரணச் சத்தத்தில் கச்சேரியும் பழைய பாடல்களும் கேட்பவருக்கு முதல் இரண்டும் பெரும்பாலும் எட்டாத பழங்கள். மின்னணு இசையும் அண்மைக்காலத் திரையிசையும் சத்தமாகக் கேட்பவருக்கு அவை அன்றாட உணவு.

படி 8: வாரக்கணக்கில் வைத்துக் கேளுங்கள்

மாற்றி மாற்றிக் கேட்பதில் தெரியாத ஒன்று, கூட வாழ்ந்தால் தெரியும். ஒரு வாரம் ஒன்றை மட்டும், அடுத்த வாரம் மற்றதை மட்டும் கேளுங்கள். புது ஹெட்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால் ‘பழகிவிடும்’ என்பார்கள். பழகுவது பெரும்பாலும் நம் காதும், அமுங்கும் பேட்டும்தான். ஆகவே ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டாம், கேட்டே பழக்குங்கள்.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு உச்சந்தலை வலிக்கிறதா, கழுத்து சொடுக்குகிறதா என்று பாருங்கள். கடையில் அரை நிமிடத்தில் 600 கிராம் தெரியாது. காது வியர்க்கிறதா என்பதும் நம் ஊர் வெயிலில் சிறிய விஷயமல்ல. எச்டி 600 போன்றவற்றில் பேட், தலைப்பட்டை, கேபிள், டிரைவர் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி மாட்டலாம். நீங்கள் எடுக்கப்போகும் பிளேனாருக்கு அந்த வசதி இருக்கிறதா, இறக்குமதி என்றால் பழுது நீக்க எங்கே அனுப்ப வேண்டும் என்று வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் மேசையில் இப்போது இரண்டும் இருக்கின்றன. இரவில் கை தானாகப் போவது பழைய டைனமிக்கிடம். குரல் பக்கத்தில் வேண்டும், கழுத்துக்குப் பாரம் வேண்டாம். மகன் வந்தால் பிளேனாரை எடுத்துக்கொண்டு, பென்சில் குறியைத் தாண்டிக் குமிழைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறான். போன மாதம் அதன் பேட்டை வேறு வகைக்கு மாற்றினேன். ஒலி அடியோடு மாறிவிட்டது. அட்டையில் போட்ட துளையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.